'எஃப்1 அழுத்தவும்': பழைய கணினியும் பேசாத கீபோர்டும்

பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து அதில் புதிய இயங்குதளம் ஏற்ற உட்காருபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே கவலைகள்தான். நினைவகம் போதுமா? ப்ராசஸர் தாங்குமா? பல நேரம் இரண்டும் தேறிவிடும். சிடி சுழலும், கருப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடும், கடைசியில் அழகான வண்ணப் பின்னணியோடு வரவேற்புத் திரையும் வந்து நிற்கும். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயரை உள்ளிடு என்கிறது கணினி. கீபோர்டைத் தட்டினால் ஓர் எழுத்தும் விழவில்லை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி அசையவில்லை. இரண்டு நிமிடம் முன்பு பயாஸ் திரையில் இதே கீபோர்டு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. "மதர்போர்டு போயிடுச்சு" என்று யாராவது தீர்ப்புச் சொல்ல, பெட்டி பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறுகிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகள் ஏராளம். அவற்றில் லினக்ஸ் ஏற்றிப் பார்ப்போம் என்று பலரும் கிளம்பியிருக்கிறார்கள். அந்த வேகத்தில், பரணில் கிடக்கும் இன்னும் பழைய பெட்டிகளையும் இறக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. மேலே சொன்ன காட்சியில் பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டுப்போயிருப்பதில்லை. ஒரு பக்கம் பேசும் மொழி மறுபக்கத்துக்குப் புரியவில்லை, அவ்வளவே. அந்த மொழிகள் எப்படி வந்தன என்று பார்க்க 1981-க்குப் போக வேண்டும்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. அதனுடன் வந்த கீபோர்டில் 83 விசைகள். உள்ளே இன்டெல் 8048 என்ற சிறு சில்லு ஒன்று இருந்தது. அதன் வேலை, எந்த விசை அழுத்தப்பட்டதோ அதற்கு உரிய எண்ணை ஒரு கம்பி வழியாகக் கணினிக்கு அனுப்புவது. விசையை விட்டதும் அதே எண்ணோடு 128-ஐக் கூட்டி இன்னொரு முறை அனுப்பும். எழுத்து, மொழி எதுவும் கீபோர்டுக்குத் தெரியாது. வெறும் வரிசை எண்தான். எஸ்கேப் விசைக்கு 1, அதை அடுத்த '1' என்ற விசைக்கு 2, இப்படி இடமிருந்து வலமாக எண்ணிக்கொண்டே போனார்கள். 'க்யூ' 16. அந்த வரிசை முடிந்து கீழ் வரிசைக்கு வந்தால் கன்ட்ரோல் விசை 29, 'ஏ' விசை 30. இன்றைய கீபோர்டில் 'ஏ'-வுக்கு இடப்பக்கம் இருப்பது கேப்ஸ் லாக் அல்லவா, கன்ட்ரோல் எப்படி வந்தது என்று கேட்கலாம். 1981-இன் கீபோர்டில் கன்ட்ரோல் அங்கேதான் இருந்தது. விசை பிறகு இடம் மாறியது. எண் மாறவில்லை. இந்த 30 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அந்த முதல் கீபோர்டு பேசும், ஆனால் கேட்காது. கணினியிலிருந்து அதற்கு உத்தரவு அனுப்ப வழியில்லை. கேப்ஸ் லாக் விளக்கைக்கூடக் கணினியால் எரியவைக்க முடியாது, அப்படியொரு விளக்கே அதில் கிடையாது. 1984 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோது இது மாறியது. புதிய கீபோர்டு இருவழிப் பேச்சு பேசியது, விளக்குகளும் வந்தன. மதர்போர்டில் இன்டெல் 8042 என்ற தனிச் சில்லு கீபோர்டைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்டது. விசைகளின் எண்களும் மாறின. 'ஏ' இப்போது 28.

இங்கே ஒரு சிக்கல். மூன்று ஆண்டுகளில் எழுதப்பட்ட மென்பொருள்கள் எல்லாம் 'ஏ' என்றால் 30 என்றே நம்பிக்கொண்டிருந்தன. ஐபிஎம் என்ன செய்தது? கீபோர்டு 28 என்று சொல்லட்டும், நடுவில் உட்கார்ந்திருக்கும் 8042 அதை 30 என்று மொழிபெயர்த்து மென்பொருளிடம் கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டது. பழைய மென்பொருளும் ஓடியது, புதிய கீபோர்டும் விற்றது. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அருமையான தீர்வு. ஆனால் இந்த இடத்தில் போடப்பட்ட முதல் முடிச்சுக்கு மேல்தான் பிறகு வந்தவர்கள் எல்லாம் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார்கள்.

இன்னொரு கோளாறும் அன்று விளைந்தது. பழைய கீபோர்டுக்கும் புதிய கீபோர்டுக்கும் அதே ஐந்து முனை வட்டப் பிளக்தான். கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. அதனால் வேறு நிறுவனங்கள் செய்த கீபோர்டுகள் சிலவற்றின் அடியில் 'எக்ஸ்டி' என்றும் 'ஏடி' என்றும் மாற்றிக்கொள்ளச் சிறு ஸ்விட்ச் வைத்தார்கள். இன்று பழைய கீபோர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, மாற்றுப் பிளக் வாங்கிச் செருகி, வேலை செய்யவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் கவிழ்த்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

8042 பற்றி ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சில்லில் பயன்படாத கால் ஒன்று மிச்சமிருந்தது. கணினியின் நினைவகத்தில் 1 மெகாபைட்டுக்கு மேலே போக ஒரு கம்பியைத் திறந்து மூட வேண்டியிருந்தது. மிச்சமிருந்த காலில் அந்தக் கம்பியைக் கட்டிவிட்டார்கள். ஆக, கூடுதல் நினைவகத்தைத் தொட வேண்டுமானால் கீபோர்டுச் சில்லிடம் அனுமதி கேட்க வேண்டும்! வாட்ச்மேன் கையில் லாக்கர் சாவியையும் கொடுத்த கதை. கீபோர்டுச் சில்லை நினைத்தபடி நீக்கிவிட முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1987 ஏப்ரல் 2 அன்று ஐபிஎம் பிஎஸ்/2 என்ற புதிய கணினி வரிசையை வெளியிட்டது. அதற்குள் ஐபிஎம் கணினியை நகலெடுத்து மலிவாக விற்கும் நிறுவனங்கள் பெருகியிருந்தன. அவர்களை மடக்க, மைக்ரோ சேனல் என்ற புதிய உள்ளமைப்பை ஐபிஎம் கொண்டுவந்து அதற்கு உரிமக் கட்டணமும் கேட்டது. வணிகவியல் வகுப்பில் உதாரணமாகச் சொல்லத் தகுந்த தோல்வி அது. 1988-இல் காம்பேக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து 'ஈசா' என்ற மாற்று அமைப்பை அறிவித்தன. மைக்ரோ சேனலுக்குச் சந்தை கிடைக்கவில்லை, பிஎஸ்/2 வரிசையும் காலப்போக்கில் மறைந்தது. ஆனால் அதன் முதுகில் இருந்த இரண்டு சிறிய ஆறு முனை வட்டத் துளைகள், ஒன்று கீபோர்டுக்கு, ஒன்று மவுஸுக்கு, பிழைத்துக்கொண்டன. கட்டணம் கேட்ட பெரிய கண்டுபிடிப்பை எல்லோரும் ஒதுக்கிவிட்டு அந்தத் துளைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1995-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் மதர்போர்டு அமைப்பில் அவை நிரந்தர இடம் பிடித்தன. இன்றும் 'பிஎஸ்/2' என்றால் கணினி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, துளைதான் வருகிறது.

கீபோர்டைப் பொறுத்தவரை இந்த மாற்றம் சுமுகமானது. பிளக்கின் அளவுதான் மாறியது, பேச்சு 1984-இல் இருந்த அதே பேச்சு. அதனால் பெரிய வட்டத்தைச் சிறிய வட்டமாக்கும் சாதாரண இணைப்பான் போதும். மவுஸ் கதை வேறு.

மவுஸை டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலீஷும் 1960-களிலேயே உருவாக்கிவிட்டார்கள். எங்கல்பார்ட் அதை 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மேடையேற்றிக் காட்டினார். ஆனால் ஐபிஎம் பிசி பிறந்தபோது அதில் மவுஸுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. அதனால் 1980-களில் வந்த மவுஸ்கள் குடியிருக்க வீடு தேடி அலைந்தன. சில தனி அட்டையோடு வந்தன. பெரும்பாலானவை மோடம் மாட்டுவதற்காக இருந்த சீரியல் போர்ட்டில் வாடகைக்குக் குடியேறின. அந்தப் போர்ட்டில் மின்சாரம் தருவதற்கென்று தனிக் கம்பி கிடையாது. கட்டுப்பாட்டுச் சமிக்ஞைக்காக இருந்த கம்பிகளில் வரும் சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சியே சீரியல் மவுஸ் உயிர் வாழ்ந்தது. மைக்ரோசாப்ட் முறை மவுஸ் ஒவ்வொரு அசைவையும் மூன்று பைட்டுகளாக்கி விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் அனுப்பும். கணக்குப் போட்டால் விநாடிக்கு நாற்பத்துச் சொச்சம் தகவல்கள்தான். அந்தக் காலத்து அம்புக்குறி தத்தித் தத்தி நகர்ந்ததற்கு இதுவே காரணம்.

சீரியல் போர்ட்டில் மாட்டியிருப்பது மவுஸா மோடமா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? மின்சாரம் வந்ததும் மைக்ரோசாப்ட் முறை மவுஸ் 'எம்' என்ற எழுத்தை அனுப்பித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். விண்டோஸ் கணினி தொடங்கும்போது போர்ட்டுகளில் காது வைத்துக் கேட்கும். இது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? ஜிபிஎஸ் கருவிகள் வந்தன. அவை யாரும் கேட்காமலேயே தாம் இருக்கும் இடத்தை விநாடிக்கு ஒருமுறை சீரியல் போர்ட்டில் ஒப்பித்துக்கொண்டே இருப்பவை. அந்தப் பேச்சை விண்டோஸ் மவுஸ் என்று தவறாகப் புரிந்துகொண்டு 'சீரியல் பால்பாயின்ட்' என்று பெயரும் சூட்டிவிடும். அதன் பிறகு அம்புக்குறி பேய் பிடித்தது போலத் திரை முழுக்கப் பாயும், தானாகவே க்ளிக் செய்யும். கப்பலில் வரைபடம் பார்க்கக் கணினி வைத்திருந்தவர்களுக்கும் நில அளவைக்காரர்களுக்கும் இது வெகுகாலத் தலைவலி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் 'சீரியல் மவுஸைத் தேடாதே' என்று தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதி வைப்பார்கள். விண்டோஸ் 10 வந்த பிறகும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

லினக்ஸ் இதற்கு நேர்மாறு. சீரியல் போர்ட்டில் மவுஸ் இருக்கும் என்று அது தானாக யூகிப்பதே இல்லை. முன்பெல்லாம் திரையைக் கவனிக்கும் மென்பொருளிடம் 'மவுஸ் இந்தப் போர்ட்டில் இருக்கிறது' என்று அமைப்புக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். இன்றைய லினக்ஸில் எல்லா உள்ளீட்டுக் கருவிகளும் கர்னல் வழியாகவே வர வேண்டும். எனவே 'இன்புட் அட்டாச்' என்ற சிறு நிரலை ஓடவிட்டு, இந்தப் போர்ட்டில் இருப்பது மவுஸ் என்று கர்னலுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் நாற்பது வயது மவுஸும் ஓடும். டிரைவர் இல்லாமல் இல்லை, அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லாமல்தான் அது சும்மா கிடக்கிறது. மவுஸுக்கு மவுசு குறைந்தது இப்படியும்தான்!

பிஎஸ்/2 மவுஸில் வேறு வகைத் தொல்லை. 1996-இல் மைக்ரோசாப்ட் சக்கரம் வைத்த இன்டெல்லிமவுஸை வெளியிட்டது. சக்கரம் சுழல்வதைச் சொல்ல நான்காவதாக ஒரு பைட் தேவை. ஆனால் பழைய கணினிகள் மூன்று பைட்டுக்குப் பழகியவை. நான்காவது வந்தால் குழம்பிவிடும். இதற்கு ஓர் இரகசியத் தட்டல் கண்டுபிடித்தார்கள். 'விநாடிக்கு 200 முறை தகவல் அனுப்பு, இல்லை 100, இல்லை இல்லை 80' என்று கணினி மவுஸுக்கு அடுத்தடுத்து மூன்று உத்தரவு போடும். பழைய மவுஸ் சொன்னபடி கேட்டுக் கடைசியில் 80-இல் நிற்கும், ஒரு கேடும் இல்லை. சக்கர மவுஸோ இந்த வரிசையைக் கேட்டதும் புரிந்துகொண்டு, அடுத்து 'நீ யார்' என்று கேட்டால் 0 என்பதற்குப் பதில் 3 என்று சொல்லும். அதன் பிறகு நான்கு பைட் பேச்சு தொடங்கும். யாருக்கும் தொந்தரவு தராமல் புதியதைப் பழையதற்குள் ஒளித்துவைத்த இந்த ஏற்பாட்டை ரசிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் ஒளித்துவைத்ததற்கு விலையும் உண்டு. ஒரு கீபோர்டையும் மவுஸையும் வைத்து இரண்டு கணினிகளை இயக்கும் கேவிஎம் ஸ்விட்ச் நடுவில் இருந்தால், மாற்றி மாற்றிப் போகும்போது மவுஸ் தன் பழைய மூன்று பைட் நிலைக்குத் திரும்பிவிடக்கூடும். கணினியோ நான்காகவே எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு பைட் தள்ளிப் படித்தால் நகர்வு க்ளிக்காகவும் க்ளிக் நகர்வாகவும் தெரியும். அம்புக்குறி மூலைக்குப் பறக்கும், மெனுக்கள் தானாகத் திறக்கும். லினக்ஸ் 2.6 கர்னல் 2003 டிசம்பரில் வந்த பிறகு, மவுஸ் ஒத்திசைவை இழந்தது, ஒரு பைட்டை எறிகிறேன் என்ற பொருளில் பதிவேட்டில் வந்த வரிகளைப் பார்க்காதவர் குறைவு. மவுஸைச் சாதாரண மூன்று பைட் மவுஸாகவே நடத்து என்று கர்னலுக்குச் சொல்லிவிட்டால் அடங்கும். சக்கரம் மட்டும் சுழலாது.

ஆப்பிள் பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. 1986-இல் ஆப்பிள் II ஜிஎஸ் கணினியில் ஏடிபி என்ற இணைப்பு வந்தது, 1987-இல் மேக்கின்டாஷுக்கும் வந்தது. ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்தது. கீபோர்டையும் மவுஸையும் ஒரே கம்பியில் சங்கிலி போலக் கோக்கலாம். ஆனால் அதன் விசை எண்கள் ஐபிஎம் எண்களோடு சற்றும் சேராது. 'ஏ' 0, 'எஸ்' 1, 'டி' 2, 'எஃப்' 3. பவர்பிசி மேக்குகளில் லினக்ஸ் முதலில் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டது. பிறகு எல்லாக் கணினிக்கும் பொதுவான எண்களுக்கு மாற்றினார்கள். கர்னல் ஒரு முறையிலும் விசை அட்டவணை இன்னொரு முறையிலும் இருந்துவிட்டால் 'டி'-யை அழுத்தினால் '1' விழும், 'எஸ்' அழுத்தினால் எஸ்கேப் ஆகும். கடவுச்சொல்லை எப்படி அடிப்பது?

1996 ஜனவரியில் யுஎஸ்பி முதல் பதிப்பு வெளியானது. 1998 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஐமேக் பழைய ஏடிபி துளையைத் துணிந்து நீக்கிவிட்டு யுஎஸ்பி மட்டும் வைத்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த விண்டோஸ் 98 யுஎஸ்பியை நன்றாகவே கையாண்டது. ஐபிஎம் வழிக் கணினிகளில் துளைகள் நீங்கவில்லை, கூடுதலாக யுஎஸ்பி சேர்ந்தது. வட்டத் துளைகள் இரண்டும் ஒரே மாதிரி இருந்து மாற்றி மாற்றிச் செருகப்பட்டதால், மைக்ரோசாப்டும் இன்டெல்லும் வெளியிட்ட பிசி 99 வழிகாட்டி கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறம் குறித்தது.

யுஎஸ்பி கீபோர்டில் 'ஏ' மூன்றாவது எண்ணைப் பெற்றது: 4. பேசும் முறையும் முற்றிலும் வேறு. பழைய கீபோர்டு விசை அழுத்தப்பட்ட நொடியில் தானே கதவைத் தட்டும். யுஎஸ்பியில் கணினி வந்து கேட்டால்தான் பதில். அந்தக் கேள்வியைக் கேட்க டிரைவர் வேண்டும். டாஸ், பயாஸ், இயங்குதளத்தை ஏற்றும் சிறு நிரல்கள் எதற்கும் அந்த டிரைவர் கிடையாது. அவை 8042-ஐ மட்டுமே அறிந்தவை.

இங்கேதான் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மர்மம் அவிழ்கிறது. பயாஸ் எழுதியவர்கள் ஒரு நாடகம் போட்டார்கள். ப்ராசஸரில் எஸ்எம்எம் என்ற மறைவான நிலை ஒன்று உண்டு. அதில் ஓடும் நிரல் இயங்குதளத்தின் கண்ணுக்கே தெரியாது. பயாஸ் அந்த மறைவிலிருந்து யுஎஸ்பி கீபோர்டிடம் பேசி, வந்த பதிலை 8042 சொன்னது போல மேலே அனுப்பும். 'யுஎஸ்பி லெகசி சப்போர்ட்' என்று பயாஸ் அமைப்பில் காணப்படுவது இதுதான். பயாஸ் திரையில் கீபோர்டு வேலை செய்ததும், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் அம்பு விசை நகர்ந்ததும் இந்தப் பொம்மலாட்டத்தால்தான்.

இயங்குதளம் எழுந்ததும் யுஎஸ்பி கட்டுப்பாட்டை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பயாஸிடமிருந்து வாங்கிக்கொள்ளும். பொம்மலாட்டம் அத்துடன் முடிந்தது. வாங்கியவரிடம் சரியான டிரைவர் இருந்தால் ஒன்றும் தெரியாது. இல்லாவிட்டால் பழையவர் போய்விட்டார், புதியவருக்கு வேலை தெரியாது. கீபோர்டு ஊமை. கெட்டுப்போனதாக நினைக்கப்படும் பல கணினிகளுக்கு நேர்ந்தது இதுவே.

நாடகம் நடக்கும்போதே குழப்பம் வருவதும் உண்டு. மடிக்கணினிகளில் டச்பேடும் வெளி மவுஸும் ஒரே 8042 வழியாக வர 'மக்ஸ்' என்ற பகிர்வு முறை உண்டு. அது இருக்கிறதா என்று லினக்ஸ் சில இரகசிய எண்களை அனுப்பிச் சோதிக்கும். பயாஸின் போலி 8042 சில கணினிகளில் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் சாமி போடும். மக்ஸ் இருக்கிறது, பதிப்பு 10.12 என்று இல்லாத ஒன்றைச் சொல்லும். இதை நம்பினால் மவுஸ் தொலைந்தது. அதனால் லினக்ஸ் கர்னலின் 8042 நிரலில், பதிப்பு 10.12 என்று வந்தால் அது பயாஸின் வேடம், நம்பாதே என்று ஓர் ஏற்பாடே செய்து வைத்திருக்கிறார்கள். அதே நிரலோடு, எந்த மடிக்கணினிக்கு எந்தச் சலுகை தர வேண்டும் என்று மாடல் வாரியாக நீண்ட பட்டியலும் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருவர் வேலை செய்யாத கீபோர்டோடு போராடி முறையிட்டிருக்கிறார். பெயர் தெரியாத அந்தப் பயனர்கள் எழுதிய வரலாறு என்றே அதைச் சொல்லலாம்.

பழைய பெட்டியில் இன்னொரு சங்கடம்: யுஎஸ்பி லெகசி வசதி பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்க பயாஸுக்குள் போக வேண்டும். போக ஒரு விசையை அழுத்த வேண்டும். கையில் இருப்பதோ யுஎஸ்பி கீபோர்டு. இந்த நேரத்தில்தான் திரையில் 'கீபோர்டு காணவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும்' என்ற புகழ்பெற்ற வாசகம் தோன்றும். சிரிக்கத் தோன்றினாலும் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வராது. ஊதாத் துளையில் செருகும் பழைய கீபோர்டு ஒன்று ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும், அமைப்பை மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். செருகும்போது கணினி அணைந்திருக்க வேண்டும். பிஎஸ்/2 துளை ஓடும்போது செருகிப் பிடுங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது அல்ல. சில மதர்போர்டுகளில் அதற்கான ஃபியூஸே போய்விடும்.

யுஎஸ்பி கீபோர்டைப் பச்சை அல்லது ஊதா நிற இணைப்பான் போட்டு வட்டத் துளையில் மாட்டலாமே என்று பலரும் முயல்வார்கள். அந்த இணைப்பானுக்குள் எந்தச் சில்லும் இல்லை, நான்கு கம்பிகள் மட்டுமே. மொழிபெயர்ப்பு எதுவும் நடப்பதில்லை. யுஎஸ்பி, பிஎஸ்/2 என்று இரண்டு மொழியும் தெரிந்த கீபோர்டாக இருந்தால்தான் அது வேலை செய்யும். 2000-களின் தொடக்கத்தில் மவுஸ் பெட்டிக்குள்ளேயே அந்த இணைப்பானை வைத்து விற்றது இதனால்தான், அந்த மவுஸுக்கு இரண்டும் தெரியும். இன்று வாங்கும் கீபோர்டுகள் பலவற்றுக்குத் தெரியாது. இணைப்பான் பொய் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. உள்ளே சில்லு வைத்த மாற்றுக் கருவி என்று கேட்டு வாங்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே விபத்து நடந்தது. 2015-இல் இன்டெல் ஸ்கைலேக் ப்ராசஸர்களோடு வந்த 100 வரிசைச் சில்லுத் தொகுப்பில், யுஎஸ்பி 2.0-க்கான பழைய கட்டுப்பாட்டு முறை நீக்கப்பட்டது. 2009-இல் வெளியான விண்டோஸ் 7-இன் நிறுவு வட்டுக்குத் தெரிந்ததோ அந்தப் பழைய முறை மட்டும்தான். புத்தம் புதிய கணினியில் வட்டைப் போட்டால் முதல் திரை வரும், அத்துடன் கீபோர்டும் மவுஸும் செத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய புதிய பெட்டி, காசு கொடுத்து வாங்கிய இயங்குதளம், நடுவில் ஒரு டிரைவர் இல்லை. நிறுவு வட்டுக்குள் டிரைவரைத் திணிக்க மதர்போர்டு நிறுவனங்கள் தனி மென்பொருளே வெளியிட்டன. போர்டில் வட்டத் துளை மிச்சமிருந்தவர்கள் மட்டும் பழைய கீபோர்டைச் செருகி வேலையை முடித்துக்கொண்டார்கள்.

இன்றைய லினக்ஸில் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வன்தட்டு முழுவதையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைப்பது இப்போது சகஜம். அந்தச் சொல்லைக் கேட்பது தொடக்கத்தில் ஏறும் ஒரு சிறு கோப்புத் தொகுப்பு. இடம் மிச்சம் பிடிக்க, சில லினக்ஸ் வகைகள் அந்தத் தொகுப்பைச் செய்யும்போது மாட்டியிருந்த கருவிகளுக்கான டிரைவர்களை மட்டும் அதில் சேர்க்கும். பழைய வட்டக் கீபோர்டை வைத்து நிறுவிவிட்டுப் பிறகு யுஎஸ்பி கீபோர்டுக்கு மாறினால், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் கீபோர்டு அசையாது. வீட்டுக்காரர் வாசலில், சாவி கையில், பூட்டில் துவாரம் இல்லை. விண்டோஸிலும் இதன் மறுபக்கம் உண்டு. யுஎஸ்பி கீபோர்டை மட்டும் வைத்து நிறுவிய கணினியில் 8042 டிரைவர் உறங்கவிடப்பட்டிருக்கலாம். பிறகு வட்டக் கீபோர்டைச் செருகினால் பதில் வராது. ரெஜிஸ்ட்ரியில் அந்த டிரைவரின் தொடக்க எண்ணை 3-இலிருந்து 1-ஆக மாற்றிக் கணினியை மறுபடி தொடங்க வேண்டும்.

கணக்கியல் பாடத்தில் ஒரு கணினிக்குச் சில ஆண்டுகளிலேயே தேய்மானம் போட்டுப் புத்தக மதிப்பைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார்கள். புத்தகத்தில் மதிப்பு இல்லாத பெட்டி மேசையில் இன்னும் ஓடும், கீபோர்டும் மவுஸும் பேசினால். உண்மையில் கதவு மூடப்படுவது வேறு இடத்தில். 2013-இல் வந்த லினக்ஸ் 3.8 கர்னல் 386 ப்ராசஸரைக் கைவிட்டது. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10-இலிருந்து 32 பிட் கணினிக்கான மேசைப் பதிப்பு வட்டு இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான நிறுவியும் கர்னலும் நின்றுபோயின. ப்ராசஸரைக் கைவிட்டார்கள், ஆனால் அந்தக் கணினிகளோடு வந்த கீபோர்டைக் கைவிடவில்லை. சீரியல் மவுஸ் டிரைவர் இன்றும் கர்னலில் இருக்கிறது. 8042 நிரலும் இருக்கிறது. அதற்குக் காரணம் பழைய பொருள் மேல் பாசம் அல்ல. இன்று கடையில் வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றின் உள்ளே இருக்கும் கீபோர்டு, கட்டுப்பாட்டுச் சில்லு வழியாக இன்னமும் 8042 போலவேதான் பேசுகிறது.

யுஎஸ்பி கீபோர்டில் 'ஏ' அழுத்தினால் கம்பியில் போவது 4. விண்டோஸின் டிரைவர் அதை வாங்கிப் பழைய எண்ணாக மாற்றியே மேலே உள்ள மென்பொருளுக்குத் தருகிறது. லினக்ஸிலும் எந்தக் கீபோர்டானாலும் 'ஏ' விசைக்குக் கர்னல் தரும் எண் ஒன்றுதான். இரண்டிலும் அது 30. அதற்கு முந்தைய 29, கேப்ஸ் லாக்குக்குக் கொடுக்கப்படவில்லை, கன்ட்ரோலுக்கே இருக்கிறது.